ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள்



பத்து வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. உள்பெட்டியில் விசாரித்த எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் மொத்தமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தது நான். அவருக்கு 66 வயது, எனக்கு 62. இரண்டரை வருடம், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸில் கிடந்தவர். இப்போது இருவரும் திருமுல்லைவாயில் வீட்டில் நலமாக இருக்கிறோம். அவருடைய கிரியாட்டினின் 1.3, என்னுடையது 1.1.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். மாற்று அறுவையில் பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. அவை அங்கேயே இருக்க, புதியதை அடிவயிற்றில் வைத்து ரத்தக் குழாய்களோடு இணைக்கிறார்கள். ஆக அவருக்கு இப்போது மூன்று, எனக்கு ஒன்று. 36 வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த எனக்கே இந்தக் கணக்கு விநோதமாகத்தான் இருக்கிறது.

அவர் வீட்டுக்கு வந்தது பதினோராம் நாள். மகன் முன்கூட்டியே ஒரு அறைக்கு வெள்ளையடித்து, ஃபேன் இறக்கையைத் துடைத்து, கொசுவலை மாட்டி வைத்திருந்தான். வராண்டாவில் இருந்த துளசியும் கற்றாழையும் மொட்டை மாடிக்குப் போயின. சன்ஷேடில் புறா உட்காராதபடி வலை கட்டினோம். ஈர மண்ணிலும் புறா எச்சத்திலும் இருக்கும் பூஞ்சைகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களின் நுரையீரலுக்கு ஆபத்தானவை.

அந்த மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்திருப்பது வேறு ஒருவருடைய சிறுநீரகம் என்பதை உடம்பு மறப்பதே இல்லை. விட்டால் தாக்கி அழித்துவிடும். அதைத் தடுக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் என்று மூன்று மருந்து. காலை 9, இரவு 9 என்று டாக்ரோலிமஸ் மணி தவறக் கூடாது. ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. அளவு குறைந்தால் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். 1984-ல் ஜப்பானில், சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து இதைக் கண்டுபிடித்தார்களாம். மருந்து வந்தது மண்ணிலிருந்து, ஆனால் மண் தொட்டி வீட்டுக்குள் ஆகாது! கிரேப் ஃபுரூட், பம்பளிமாஸ் பழங்கள் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அவையும் கூடாது. யாரோ சொன்னார்கள் என்று கஷாயம், லேகியம் எதுவும் கூடவே கூடாது.

ஒரு நோட்டில் தினமும் எடை, ரத்த அழுத்தம், காய்ச்சல், சர்க்கரை, குடித்த தண்ணீர், போன சிறுநீர் எல்லாம் எழுத வேண்டும். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எடை திடீரென்று ஏறினாலோ, எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட வேண்டும்.

எனக்கு மிகவும் மனசைத் தொட்டது தண்ணீர்தான். டயாலிசிஸ் காலத்தில் ஒரு நாளைக்கு 750 மில்லிதான் அனுமதி. வெயில் காலத்தில் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது மூன்று லிட்டர் குடிக்கச் சொல்கிறார்கள். முதல் சில நாள், டம்ளரைக் கையில் வாங்கியதும் என் முகத்தைப் பார்ப்பார். “குடிக்கலாமா?” என்பார்.

இதுவரை எழுதியது எல்லாம் அவரைப் பற்றித்தான். வீட்டுக்கு வந்த போன்களும் அப்படியேதான் இருந்தன. இனி என் பக்கம்.

நான் ஐந்தாம் நாளே டிஸ்சார்ஜ். லேப்ராஸ்கோபி முறையில் சில சிறு துளைகள், சிறுநீரகத்தை வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு வெட்டு. வயிற்றை விட முதல் நாட்களில் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. அறுவைக்காக வயிற்றுக்குள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் அப்படி வலிக்குமாம். ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். நம் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம்? 20 லிட்டர் தண்ணீர் கேன், கிரைண்டர் கல், ஈரத்துணி வாளி, குழம்போடு இருக்கும் பெரிய குக்கர். ஒரு பெண் காலையில் எழுந்தால் தொடுகிற பொருளில் பாதி அந்தப் பட்டியலில் வந்துவிடும்.

வலியை விட அலுப்புதான் பெரிது. சாம்பாருக்கு வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் உட்கார வேண்டும்போல இருக்கும். காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். யோசித்துப் பார்த்தால் புரிகிறது. அவர் நோயாளியாக உள்ளே போய், தெம்போடு வெளியே வந்தார். நான் நல்ல உடம்போடு உள்ளே போய், நோயாளியாக வெளியே வந்தேன். மிச்சமிருக்கும் ஒரு சிறுநீரகம் கொஞ்சம் பெரிதாகி, கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும்.

என் நாத்தனார் தங்கமானவர். தினமும் போன் செய்வார். “அண்ணி, அண்ணன் சாப்பிட்டாரா? யூரின் எவ்வளவு போச்சு? தூங்கினாரா?” எல்லாம் கேட்டுவிட்டு, “அண்ணன பத்திரமா பாத்துக்கங்க அண்ணி” என்று வைத்துவிடுவார். அப்போது எனக்குத் தையல்கூடப் பிரிக்கவில்லை. அவர் மட்டும் இல்லை, எல்லோரும் அப்படித்தான். காய்கறிக்காரர் வரைக்கும் “சார் எப்படிம்மா இருக்காரு?” என்பார்.

அறுவைக்கு முன்னால் சட்டம் என்னைக் கேட்டது. 1994-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ், கொடுப்பவர் மனமொப்பித்தான் கொடுக்கிறாரா என்று பார்க்காமல் அனுமதி கிடையாது. 2014-ல் வந்த விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவருடைய சுயமான சம்மதத்தை உறுப்பைப் பெறுகிறவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும். என்னைத் தனியே உட்கார வைத்து, வீடியோ எடுத்து, “யாராவது வற்புறுத்தினார்களா அம்மா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மை.

அந்த விதி ஏன் வந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2019 முதல் 2023 வரை நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு கொடுத்தவர்கள் 56,509 பேர். அதில் 36,038 பேர் பெண்கள், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 64 பேர். பெற்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவி, அம்மா, அக்கா, தங்கை. வீட்டுக்குத் திரும்பி அடுப்படிக்குள் போகிறவர்களும் இவர்களேதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு “உனக்கு எப்படி இருக்கு?” என்று கேட்க ஒரு விதியும் இல்லை.

இதை நினைக்கும்போது எனக்கு வில்லிவாக்கம் ஞாபகம் வருகிறது. அம்பத்தூர், பாடி தாண்டினால் அடுத்தது அதுதானே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். கடனுக்காகச் சிறுநீரகம் விற்றவர்கள் அதிகம் என்பதால் அந்த ஊருக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்றே பெயர் வைத்திருந்த காலம். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை தினமும் தாமதமாக வரும். அம்மாவை வரச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் உட்கார முடிந்தது. குடம் தூக்க முடியவில்லை, அதனால் தண்ணீர் பிடிக்க மகளை அனுப்புகிறேன் என்றார். முந்தானை விலகியபோது விலாவிலிருந்து முன்வயிறு வரை தழும்பு தெரிந்தது. அன்றைய அறுவை அப்படி. “கடன அடைக்கக் குடுத்தேன் டீச்சர். கடன் திரும்பவும் வந்துடுச்சு” என்றார்.

பிற்பாடு, 2002-ல், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் சென்னையைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கேட்டிருக்கிறார்கள். 96 சதவீதம் பேர் கடனுக்காக விற்றவர்கள். 86 சதவீதம் பேர் அதற்குப் பிறகு உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள்.

என்னையும் அந்த அம்மாவையும் ஒன்றாக வைக்க மாட்டேன். நான் விற்கவில்லை. எனக்குப் பென்ஷன் வருகிறது, தேதி தவறாமல் பரிசோதனைக்குப் போக முடியும். நல்ல கவனிப்பு இருந்தால், சரியாகப் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த கொடையாளர் ஒரே சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம் என்று டாக்டர்கள் சொல்வதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எடுத்த பிறகு, கொடுத்தவளின் உடம்பு பேச்சிலிருந்தே மறைந்துவிடுகிறது. அது அந்த அம்மாவுக்கும் நடந்தது, எனக்கும் நடந்தது.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி, மாஸ்க் போட்டபடி, பி.பி. மெஷினைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசலுக்கு அவர் வந்தார். “கையை நீட்டு” என்றார். 148/90 இருந்தது. ஒன்றும் பேசவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து மிஞ்சிய 80 பக்க நோட்டு ஒன்றை எடுத்து, லேபிளில் என் பெயரை எழுதி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். கோடெல்லாம் கோணல். ஸ்டீராய்டால் கை நடுக்கமா, டாக்ரோலிமஸா தெரியவில்லை. மறுநாள் தன் தங்கைக்குத் தானே போன் போட்டு, “இனிமே அண்ணிக்கும் சேத்து விசாரி” என்றார்.

அந்த வாரமே மகன் இரண்டு வேளைச் சமையலுக்கு ஓர் அம்மாவை ஏற்பாடு செய்தான். மகள் ஃபிரிட்ஜ் மேல் கால அட்டவணை ஒட்டினாள். அதில் மதியம் 2 முதல் 4 வரை ‘அம்மா படுக்க வேண்டும்’ என்று ஒரு பாடவேளை. என் பி.பி. மாத்திரையில்லாமலே இறங்கிவிட்டது. நாத்தனார் இப்போது முதலில் என்னைத்தான் கேட்கிறார்.

இப்படி ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்தால், சில வேண்டுகோள்கள்:

1. அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே கொடுப்பவரைக் கவனிக்கத் தனி ஆள் யார் என்று முடிவு செய்யுங்கள். கொடுப்பவரே பெறுபவரைக் கவனிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

2. குறைந்தது ஆறு வாரம் சமையலும் தண்ணீர் தூக்குவதும் மூன்றாம் ஆள் பொறுப்பு.

3. கொடுத்தவருக்கும் ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் “எனக்கு ஒரு சிறுநீரகம்தான்” என்று முதலில் சொல்ல வேண்டும்.

4. பார்க்க வராதீர்கள், போன் செய்யுங்கள். நம் ஊர் வழக்கத்துக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றும். முதல் மாதங்களில் வராமல் இருப்பதுதான் அன்பு. போனில் இருவரையும் கேளுங்கள்.

5. உடல் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யுங்கள், வீட்டிலும் சொல்லி வையுங்கள். 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான பெற்றோர் தானம் செய்தார்கள். அவனுடைய இதயம் நம் முகப்பேர் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. நாங்களும் அந்தப் பட்டியலில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்கள்தான். இப்படிக் கொடுப்பவர்கள் பெருகினால், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மனைவியோ அம்மாவோ படுக்க வேண்டிய தேவை குறையும்.

வரும் செவ்வாய்க்கிழமை எனக்கு மூன்றாம் மாதப் பரிசோதனை. கூட்டத்துக்குள் அவர் வரக் கூடாது, மகள் கூட வருகிறாள். நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ என்று இப்போதே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.