ரத்தம் வந்தா பிரஷ்ஷை நிறுத்தாதீங்க!

செகண்ட் இயர். ஹாஸ்டல் வாஷ்பேசின். துப்பினால் பேஸ்ட் நுரையோடு ரத்தம்! உங்களுக்கும் இப்படி வந்திருக்கா? நான் செய்த புத்திசாலித்தனத்தைக் கேளுங்க. ரத்தம் வந்த இடத்தை விட்டுட்டு மத்த இடத்தில் மட்டும் தேய்த்தேன். வலிதான் இல்லையே, அப்புறம் எதுக்கு டாக்டர்?

லீவில் வீட்டுக்குப் போனேன். அப்பா முறுக்கை உடைத்துக் காபியில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயசு 48தான். முன்பற்கள் இரண்டும் ஆட்டம். "உன் வயசுல எனக்கும் ரத்தம் வந்துச்சுடா. வலிக்கலை, விட்டுட்டேன்" என்றார். பகீர்னு ஆயிடுச்சு!

மறுநாளே பல் டாக்டரிடம் ஓடினேன். பல்லில் படியும் அழுக்கை தினமும் எடுக்காவிட்டால் அது காரையாக இறுகிவிடுமாம். அப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. ஈறு வீங்கும், ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி தேறிவிடும். விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

"ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடும்னு சொல்றாங்களே டாக்டர்?"

"ஏற்கெனவே ஆடுற பல்லை காரைதான் பிடிச்சு வெச்சிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியுது, அவ்வளவுதான்!"

ஸ்கேலிங் முடிந்தது. அப்புறம் மென்மையான பிரஷ், காலையும் ராத்திரியும் 2 நிமிஷம், ரத்தம் வந்த இடத்திலும்தான். சில வாரங்களில் நுரை வெள்ளையாகிவிட்டது. அடுத்த லீவில் அப்பாவையும் கூட்டிப்போனேன். மிச்சப் பற்களுக்கு இப்போது வைத்தியம் நடக்கிறது.

நாளைக் காலையில் துப்பும்போது, வாஷ்பேசினை ஒரு தடவை பாருங்க ஃப்ரெண்ட்ஸ்!