அம்மா ரிப்போர்ட்டும் ஆட்டோமேட்டிக் பதிலும்

புனேக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. அப்பா அம்மா கோவில்பட்டியில. அண்ணன் சென்னை, தங்கச்சி டெல்லி. அம்மாவுக்குச் சர்க்கரை. வீட்டுல பொட்டி தட்டுறவன் நான் ஒருத்தன்தான்ங்கறதால, அம்மாவோட ரிப்போர்ட்டையெல்லாம் கூகுள் டிரைவ்ல சேத்து வைக்கிற வேலை என் தலையில.

அப்பா டாக்டர் வாசல்ல உக்காந்துகிட்டு "அம்மா ரிப்போர்ட்"னு ஒரு மெயில் போடுவார். சரியா அப்பதான் நான் மீட்டிங்ல இருப்பேன். ஃபோல்டரைத் திறந்து விட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. விட்டேன். அப்பாவுக்கு மெயில்தான் கைக்கு வசப்பட்டது.

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு நாள், ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ல ஒரு இருபது வரி எழுதினேன். கூகுள் கணக்கு இருந்தா போதும், காசு கிடையாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது இன்பாக்ஸை எட்டிப் பாக்கும். எங்க வீட்டு மூணு முகவரியில ஒண்ணுலேர்ந்து, இந்தத் தலைப்புல, படிக்காத மெயில் இருந்தா, டிரைவ்ல கடைசியா ஏத்தின பிடிஎஃப்பை இணைச்சுப் பதில் போட்டுடும். முகவரியைச் சோதிக்கிறது முக்கியம் மக்களே. இல்லேன்னா தலைப்பு தெரிஞ்ச யாருக்கும் அம்மாவோட ரத்தக் கணக்கு போயிடும்.

முதல் வாரமே ஒரு கூத்து. தங்கச்சி "தேங்க்ஸ்டா"ன்னு பதில் போட்டா. அதே தலைப்பு, படிக்காத மெயில். மறுபடியும் ரிப்போர்ட் போச்சு. "லூசாடா நீ"ன்னா. அதுக்கும் போச்சு. அப்புறம், ஒரு இழையில ஒரே ஒரு மெயில் இருந்தா மட்டும் பதில் போடுன்னு ஒரு வரி சேத்தேன். சரியாச்சு. மூணு மாசம் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

நாலாவது மாசம்தான் சொந்த செலவில் சூனியம். கோணலா இருந்த ஒரு பழைய ஸ்கேனை நேராக்கி, டிரைவ்ல மறுபடி ஏத்தியிருந்தேன். ஸ்கிரிப்ட்டுக்கு அதுதான் புதுசு. அப்பா கேட்டதும் அதை அனுப்பிடுச்சு. மூணு மாசச் சராசரி சர்க்கரை 9.4னு போட்டிருந்த ரிப்போர்ட். டாக்டர் பாத்துட்டு, மாத்திரையைக் கூட்டணும்னு சீட்டை எடுத்திருக்கார். அம்மாதான், "ஒம்பதா? அது போன தீபாவளிக்கு எடுத்ததுல்லா, டாக்டர்"னு சொல்லியிருக்காங்க. நிஜத்துல அப்ப 7.1. ஏற்கனவே இறங்கியிருக்கிற சர்க்கரைக்கு மாத்திரையைக் கூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அப்பா திட்டவேயில்லை. "முன்னாடி நீ அனுப்பும்போது, இதுல என்ன தேதி, போன தடவைக்கு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு ரெண்டு வரி எழுதுவ. இப்ப எதுவும் எழுதறதில்லை. உனக்கு வேலை ஜாஸ்தின்னு நினைச்சுக்கிட்டேன்"னார். மூணு மாசமா எந்த ரிப்போர்ட்டையும் நான் திறந்தே பாக்கலைங்கறது அப்பதான் உறைச்சது. 7.1னு இறங்கினதே எனக்குத் தெரியாது!

ஸ்கிரிப்ட்டைத் தூக்கிப் போடலை. ரெண்டு மாத்தம் பண்ணினேன். ஒண்ணு, ஃபைல் பேரே தேதியில ஆரம்பிக்கும், 2025-11-08ங்கற மாதிரி வருஷம் முன்னாடி. பேரை வரிசைப்படுத்தினா கடைசியில நிக்கிறதுதான் புதுசு, எப்ப ஏத்தினாலும் சரி. ரெண்டாவது, பதிலை அனுப்பாது. இணைப்போட டிராஃப்ட் போட்டு வைக்கும், அதுவும் இப்ப நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்து. அப்பா மெயில் வந்து போன் சிணுங்கினா, மீட்டிங்லேர்ந்து ரெண்டு நிமிஷம் வெளிய வந்து, ரிப்போர்ட்டைத் திறந்து பாத்து, ரெண்டு வரி எழுதி, நானே அனுப்புறேன். ரெண்டு நிமிஷத்துல எந்தக் கம்பெனியும் முழுகிடாது.

போன தடவை 6.9. "அம்மாகிட்ட சொல்லுங்கப்பா, ஆனா அல்வா வேண்டாம்"னு எழுதினேன். "படிச்சுக் காட்டினேன். முறைக்கிறா"ன்னு பதில் வந்தது.