ரொம்ப சாது

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வெள்ளச்சி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த குடும்பம் வீடு மாறுகிறது. புது வீட்டுக்காரர் பிராணி எதுவும் கூடாது என்றுவிட்டார். கறிக்கடைக்காரர் ஒருவர் வந்து முயலுக்கு விலை கேட்டிருக்கிறார். அவருக்குக் கொடுக்க இவர்களுக்கு மனம் வரவில்லை. கம்பிக் கூண்டோடு தூக்கி வந்து எங்கள் கூடத்தில் வைத்தபோது அந்த வீட்டு அம்மா சொன்னார்: “ரொம்ப சாதுங்க. இருக்கிற இடமே தெரியாது.” கூட வந்த பையனுக்கு எட்டு வயதிருக்கும். அம்மாவின் கைபேசியை வாங்கி ஒரு படம் காட்டினான். அவன் மடியில் வெள்ளச்சி மல்லாந்து கிடக்கிறாள், நான்கு காலும் மேலே. “இப்படிப் புரட்டினா உடனே தூங்கிடுவா ஆன்ட்டி.”

அழகான படம். நானும் ரசித்தேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவன் பிறந்த நாளுக்காக வாங்கியதாம். தூய வெள்ளை, சிவந்த கண், மூன்று கிலோ இருப்பாள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்று முயல் வளர்க்கிறது. ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை அங்கிருந்து வாங்கிப் போய் இறைச்சிக்காக வளர்க்கும் விவசாயிகள் உண்டு. அப்படி ஏதோ ஒரு பண்ணையின் வாரிசாகத்தான் இவளும் இருக்க வேண்டும். நம் பொட்டல்களிலும் புதர்களிலும் ஓடுகிற காட்டு முயல் வேறு ஜாதி. அது தரை மேலேயே குட்டி போடும். குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வெள்ளச்சியின் முன்னோர் ஸ்பெயின் பக்கத்து மண்ணைக் குடைந்து வளைக்குள் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய குட்டி பிறக்கும்போது கண் திறக்காது, உடம்பில் ரோமம் இருக்காது. வளையை நம்பிப் பிறக்கிற ஜீவன். ஆபத்து என்றால் ஓடி ஒளிய ஒரு பொந்து வேண்டும். நாலு பக்கமும் கம்பியாக இருக்கிற கூண்டில் பொந்துக்கு எங்கே போவது? ஓட இடமில்லாத முயல் அசையாமல் உட்கார்ந்துவிடும்.

முதல் இரண்டு நாள் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். காது முதுகோடு ஒட்டியிருந்தது. கண் பிதுங்கியிருந்தது. என் அம்மா வந்து பார்த்து, “பாவம், எவ்வளவு சாது!” என்றாள். நான் கையை நீட்டித் தலையைத் தடவினேன். அவள் நகரவில்லை. பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை தட்டில் வைத்த கேரட் அப்படியே கிடந்தது. புழுக்கையும் இல்லை. ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் ஓடினோம். அவர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அரை நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்து. குடல் நின்று வாயு சேர்ந்துவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பயமும் குடலை நிறுத்தும், நாரில்லாத தீனியும் நிறுத்தும். இவளுக்கு இரண்டும் இருந்தன. அந்த வீட்டில் கேரட்டும் பிஸ்கட்டும்தான் போட்டிருக்கிறார்கள். அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. முயல் என்றால் கேரட் என்றுதானே நாமெல்லாம் படம் பார்த்து வளர்ந்தோம்? அவளுக்கு வேண்டியது புல். வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள் தேய்வதற்கும் புல்தான் வேண்டும்.

மருத்துவர் மருந்து கொடுத்தார், ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் புகட்டக் கற்றுக்கொடுத்தார், கம்பித் தரையில் நின்று நின்று புண்ணாகியிருந்த பின்னங்கால் பாதத்துக்குக் களிம்பு தந்தார். கிளம்பும்போது அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன், மல்லாத்தினால் தூங்கிவிடுவாள் என்று. அவர் முகம் மாறியது. “அது தூக்கம் இல்லீங்க. நரி வாயில மாட்டின முயல் கடைசியா செய்யற காரியம் அது. செத்த மாதிரி கிடக்கும். உள்ளே நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கும். இனிமே யாரும் புரட்ட வேண்டாம்.”

ஆட்டோவில் திரும்பும்போது அவளைப் போர்த்தியிருந்த துண்டின் மேல் கை வைக்க எனக்குக் கூசியது.

அன்றே கூண்டைப் பிரித்து மாடியில் போட்டேன். புத்தக அறையின் மூலையில், இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். அதுதான் வளை. கோயில் வாசலில் பிள்ளையாருக்கு அருகம்புல் விற்கிற அம்மாவிடம் தினம் நாலு கட்டு சொல்லி வைத்தேன். எந்தப் பிள்ளையாருக்கு என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கட்டு சேர்த்துக் கொடுத்தார். இன்றும் கொடுக்கிறார்.

சாப்பிடத் தொடங்கிவிட்டாள். ஆனால் நான் அறையில் இருந்தால் வெளியே வருவதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் பெட்டியிலிருந்து தலையை நீட்டி, இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டிப் பார்ப்பாள். நரம்புக் கோளாறோ என்று பயந்தேன். சிவப்புக் கண் முயலுக்குப் பார்வை மங்கல். தூரத்தை அளக்கத் தலையை அப்படி ஆட்டுமாம். எல்லா முயலுக்கும் கண் பக்கவாட்டில் இருப்பதால் முதுகுக்குப் பின்னாலும் தலைக்கு மேலும் தெரியும், மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. மேலிருந்து இறங்குகிற எதுவும் அதற்குப் பருந்துதான். அன்பாகத் தலையைத் தடவ நான் நீட்டிய கையும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பெட்டிக்கு முன்னால் ஒரு சாக்கு கிடந்தது. அதன் விளிம்பு வரை வருவாள், திரும்பிவிடுவாள். கூச்ச சுபாவம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். ஒரு நாள் விளிம்பைத் தாண்டி அவள் கால் வைத்தபோது பார்த்தேன். நான்கு காலும் நான்கு திசையில் வழுக்கின. நாய்க்கும் பூனைக்கும் போல முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது, வெறும் ரோமம்தான். எங்கள் வீட்டு வழவழப்பான டைல்ஸ் அவளுக்குப் பாசி படிந்த படித்துறை. சுபாவம் என்று நாங்கள் சொன்னதில் பாதி டைல்ஸ். பழைய கோரைப்பாய்களைத் தேடி எடுத்துச் சுவர் ஓரமாக விரித்தேன். மறுநாள் விடியற்காலை பால் பாக்கெட் எடுக்க எழுந்தபோது அறைக்குள் தடதடவென்று சத்தம். பாயின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அவள் ஓடிக்கொண்டிருந்தாள். முயலுக்கு விடியலும் அந்தியும்தான் பொழுது. நடுப்பகலில் அவளை எழுப்பிக் கொஞ்ச நினைத்தது என் பிழை.

எனக்கு ஏழு வயதானபோது அப்பாவுக்கு வடக்கே மாற்றல் ஆனது. இரண்டு வருஷம் என்னைக் கும்பகோணத்தில் மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். அந்த வீட்டில் முதல் சில மாதங்கள் நான் யாரோடும் பேசியதாக நினைவில்லை. நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருந்தது. பள்ளி விட்டு வந்தால் அங்கேதான். “பொண்ணு ரொம்ப சாது, தொந்தரவே இல்லை” என்று மாமா என் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். வருகிறவர்கள் கன்னத்தைக் கிள்ளி அதையே சொன்னார்கள். நான் ராத்திரிகளில் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுவேன். அத்தை மட்டும் என்னைக் கூப்பிடவும் இல்லை, புகழவும் இல்லை. மாலையில் கீரைக்கட்டை எடுத்து வந்து, குதிருக்கு நாலடி தள்ளி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஆய்வாள். ஏதாவது முணுமுணுப்பாள், எனக்காக இல்லை. எத்தனை நாள் போயிற்றோ, ஒரு மாலை நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். ஏன் வந்தாய் என்று அத்தை கேட்கவில்லை.

வெள்ளச்சிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தபோது எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். தினமும் ஆறு மணிக்கு முறத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாயில் முதுகு காட்டி உட்கார்ந்தேன். கொத்தமல்லி ஆய்ந்தேன். அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். அது எளிதல்ல. காப்பாற்றிக் கொண்டுவந்த உயிர் நம்மிடம் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்கிற ஆசை, பசி மாதிரி அரித்துக்கொண்டே இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் இடுப்பருகே ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. ஓரக்கண்ணால் பார்த்தேன். பின்னங்கால் இரண்டையும் பின்னால் ஊன்றியபடி, உடம்பை மட்டும் ரப்பர் போல இழுத்து நீட்டி மோந்துகொண்டிருந்தாள். ஒரு காம்பை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். இருட்டிய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் நாளுக்கு ஒரு விரற்கடை. பங்குனியில் முகவாயை என் கட்டை விரலில் தேய்த்தாள். முயலுக்கு முகவாயின் கீழே வாசனைச் சுரப்பி உண்டு. தனக்குச் சொந்தமானதில் அதைத் தேய்த்து வைக்கும். கதவு, புத்தக அலமாரி, முறம், என் கால். சித்திரை வெயில் அவளை வாட்டியது. முயலுக்கு வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைப்பேன், அதில் சாய்ந்து கிடப்பாள். ஒரு மத்தியானம் நின்ற நிலையிலிருந்து திடீரென்று பக்கவாட்டில் பொத்தென்று விழுந்தாள். பதறி எழப் போனேன். மூக்குத் துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து நின்றது, கால்களை நீட்டிக்கொண்டாள். தூங்கினாள். தூக்கம் இப்படித்தான் இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

இப்போது அவள் சாது இல்லை. புல் தாமதமானால் பின்னங்காலால் தரையை ஓங்கி அடிக்கிறாள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கிறாள். பெட்டியைச் சுத்தம் செய்யக் கை விட்டால் உறுமிக்கொண்டு முன்னங்காலால் அடிக்கிறாள். சார்ஜர் ஒயர்கள் மூன்று போயின. நாகலிங்கப் பூ நிறத்தில் அம்மா வைத்திருந்த சேலையின் ஓரத்தில் அரை வட்டமாக ஒரு கடி.

ஆடி மாதம் அந்தப் பையனும் அவன் அம்மாவும் பார்க்க வந்தார்கள். ஆசையாகத் தூக்கப் போனான். டம்மென்று தரையை அடித்துவிட்டுப் பெட்டிக்குள் பாய்ந்தாள். “எங்க வீட்டுல எவ்வளவு சாதுவா இருந்தா, இங்க வந்து இப்படி ஆயிட்டாளே” என்று அவன் அம்மா வருத்தப்பட்டார். நான் பையனைப் பாயில் உட்காரச் சொல்லி, சுவர்ப்பக்கம் திருப்பி, மடியில் கொத்தமல்லியைக் கொடுத்தேன். நல்ல பிள்ளை. அரை மணி நேரம் அசையாமல் ஆய்ந்தான். வெள்ளச்சி வந்தாள். ஒரு காம்பு எடுத்தாள், இன்னொன்று எடுத்தாள், அங்கேயே நின்று தின்றாள். பிறகு அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் பொத்தென்று சாய்ந்து கால் நீட்டிக் கண் செருகினாள்.

வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“ஆன்ட்டி, அப்போ எங்க வீட்டுல அவ தூங்கவே இல்லையா?”

பக்கத்தில் உட்கார்ந்தேன். முறத்தில் மிச்சமிருந்த கட்டைப் பிரித்து, பாதியை அவன் பக்கம் தள்ளினேன்.