காற்றில்லாத தொட்டியும் கெலவரப்பள்ளி நுரையும்

முன்னெல்லாம் ஓசூர்னு சொன்னா ரோஜாத் தோட்டம், டைட்டன் வாட்ச், அசோக் லேலண்டுன்னு பேச்சு போகும். இப்போ "நுரை பொங்குற டேம் உங்க ஊர்ல தானே?"ன்னு கேட்கிறாங்க. ஆமாங்க, எங்க ஊர்தான். கெலவரப்பள்ளி அணை.

நந்தி மலையில் பிறக்கிற தென்பெண்ணை, பெங்களூருக்குக் கிழக்கே ஓடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் வழிகிற தண்ணியும் வழியில் இதில்தான் கலக்குது. 2015, 2017, 2018ன்னு தீப்பிடிச்சு எரிஞ்சதே, அதே பெல்லந்தூர் ஏரிதான். மழை வந்து மதகைத் திறந்தா நமக்கு மலை மலையா நுரை.

சரி, மேட்டருக்கு வருவோம். சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ண 'காற்றில்லா மெம்பிரேன் தொட்டி'ன்னு ஒரு முறை இருக்கு. கொஞ்ச நாளா அதைப் பத்தித்தான் படிச்சிட்டிருக்கேன்.

வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணிக்குள் காற்றை ஊதிக்கிட்டே இருக்கணும். அந்த ஆக்சிஜனில்தான் பாக்டீரியா அழுக்கைத் தின்னும். கரண்டு பில்லில் பாதிக்கு மேல் இந்த ஊதலுக்கே போயிடும். காற்றில்லா முறையில் தொட்டியை மூடிடுவாங்க. நம்ம கோபர் கேஸ் மாதிரிதான்: ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியா அழுக்கைத் தின்னு மீத்தேன் விடும். மிஞ்சுற சேறும் குறைவு.

ஆனா இந்த பாக்டீரியா மெதுவா வளருகிற ஜாதி. தண்ணியோட அடிச்சிட்டுப் போயிட்டா தொட்டி காலி. அதுக்குத்தான் மெம்பிரேன். அதோட துளை சுமார் 0.1 மைக்ரான் அல்லது அதுக்கும் கீழே. பாக்டீரியாவோ கிட்டத்தட்ட 1 மைக்ரான். தண்ணி வெளியே போகும், ஐயா உள்ளேயே இருப்பார் :-)

மெம்பிரேன் இல்லாத காற்றில்லாத் தொட்டி நமக்குப் புதுசில்லை. கான்பூர் ஜாஜ்மாவில் 1989லேயே தினம் 50 லட்சம் லிட்டர் அளவில் ஒண்ணு ஓடியிருக்கு.

இதில் சிக்கலும் உண்டு. வீட்டுச் சாக்கடை ரொம்ப நீர்த்தது. 1,000 லிட்டரில் அரை கிலோ அழுக்கு (சி.ஓ.டி. கணக்கில்) இருந்தா, முழுசா மாறினாலும் 175 லிட்டர் மீத்தேன்தான். அதிலும் ஒரு பங்கு தண்ணியிலேயே கரைஞ்சு போயிடும். குளிர் கூடக்கூட இன்னும் கரையும், ஓசூர் மார்கழியைச் சொல்லணுமா! அது வெளியே தப்பிச்சா, நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவை விட சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். மெம்பிரேன் துளையும் அடைச்சுக்கும். அதைத் தேய்ச்சுவிட கேஸ் குமிழி விடணும், அதுக்கும் கரண்டு. கொரியாவின் புச்சியோனில் கரித்துகளை மிதக்கவிட்டு, அதையே தேய்க்க வெச்சு சோதனை பண்ணினாங்க.

முக்கியமான விஷயம், நுரை. சோப்புத்தூளில் இருக்கிற நுரை ரசாயனம் ஆக்சிஜன் இருந்தாத்தான் நல்லா சிதையும். மூடின தொட்டியில் பெரும்பாலும் அப்படியே வந்துடும். அதனால இந்தத் தொட்டிக்குப் பின்னாடி சின்னதா ஒரு காற்றூதும் கட்டம் இல்லாம, கெலவரப்பள்ளி நுரைக்கு இது மருந்தில்லை.

அப்போ வேண்டாமா? வேணும்ங்க. அணைப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு அண்ணன் சொன்னார்: "நாத்தம் தாங்கல சார். ஆனா இந்தத் தண்ணிக்கு யூரியா கம்மியாப் போட்டாலே போதும்." காரணம் நைட்ரஜனும் பாஸ்பரசும். காற்றில்லா முறை இது ரெண்டையும் அதிகம் தொடாது. ஏரியில் விட்டா ஆகாயத்தாமரை மண்டும். வயலுக்குப் போனா உரம். அதனால எங்கே விடப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணிட்டுத்தான் தொட்டி கட்டணும். கம்பெனிகளுக்குக் கொடுக்கணும்னா இன்னும் சுத்தம் வேணும். கோயம்பேட்டில் 2019லிருந்து சாக்கடைத் தண்ணியை ஆர்.ஓ. வரைக்கும் கொண்டுபோய் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு அனுப்புறாங்க. சிப்காட் இருக்கிற ஓசூருக்கு அந்த யோசனை பொருந்தாதா என்ன?

பெங்களூரைத் திட்டுறது நியாயம்தான், நானும் திட்டுவேன். ஆனா 2019ல் மாநகராட்சி ஆன ஓசூரும் நாளுக்கு நாள் பெருத்துக்கிட்டே போகுது. நம்ம சாக்கடையும் சரிவு பார்த்துத்தான் ஓடும். கீழே கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடைசியில் கடலூர். அவங்களுக்கு நாமதான் மேலூர்க்காரங்க.