சிரிக்க வைத்துக் குடும்பம் காத்தவர்

சகோதரிகளே, ஆச்சி மனோரமா என்று சொன்னதுமே உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறதல்லவா? அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வீட்டு அடுப்பு எரிந்த கதை இருக்கிறது. அதைத்தான் உங்களோடு கொஞ்சம் பேச ஆசை.

1937-ஆம் ஆண்டு மே மாதம் மன்னார்குடியில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் கோபிசாந்தா. தகப்பனார் கைவிட்டுவிடவே, தாயார் ராமாமிர்தம் குழந்தையோடு காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வறுமை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில் அரிதாரம் பூசிக்கொண்டு மேடையேறினாள் சிறுமி. அந்த நாளில் நாடகக்காரிக்கு என்ன மரியாதை தெரியுமா? கொட்டகைக்குள் கைதட்டுவார்கள், மறுநாள் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"ஆம்பூரில் இருந்துகொண்டு பள்ளத்தூர்க் கதை எதற்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் ஊரில் பொழுது விடிந்தால் தெருமுனையில் ஷூ கம்பெனி வண்டிகள் வந்து நிற்கும். சாப்பாட்டுப் பையும் கையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். அவர்கள் உட்கார்ந்து தைக்கிற ஜோடுகள் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போகின்றன. அந்தச் சம்பளத்தில் தம்பியின் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள். அடகு வைத்த நகையை மீட்கிறார்கள். ஆனாலும் பேச்சு ஓய்வதில்லை.

ஒருநாள் டெலிவிஷனில் 'தில்லானா மோகனாம்பாள்' ஓடிற்று. 1968-இல் வந்த படம். ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சமயம் பார்த்து எதிர்வீட்டுப் பெண் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கினாள். பாட்டி உதட்டைப் பிதுக்கி, "கம்பெனிக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவார்கள்?" என்றார்.

"பாட்டி, ஜில் ஜில்லையும் ஒரு காலத்தில் இப்படித்தானே பேசியிருப்பார்கள்?" என்றேன். பாட்டி பதில் சொல்லவில்லை. டெலிவிஷன் சத்தத்தை மட்டும் கூட்டச் சொன்னார்!

மனோரமாவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்துப் பெயர் வாங்கிய பிறகு, 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'யில் வாய்ப்பு வந்தது. கொடுத்ததோ நகைச்சுவை வேஷம். இளம் பெண்ணுக்குத் தயக்கம் இராதா? ஆனால் கதாநாயகியின் காலம் குறுகியது. சிரிக்க வைப்பவருக்கோ வயது தடையில்லை என்று கவிஞர் எடுத்துச் சொல்ல, ஒப்புக்கொண்டார். கிரீடத்தைவிட நிலையான வேலை பெரிது என்பது வீட்டைச் சுமக்கிறவளுக்குத்தானே புரியும்?

1964-இல் கல்யாணம், அது நிலைக்கவில்லை. கைக்குழந்தையோடு தாயாரின் துணையில் நின்று, ஓயாமல் உழைத்தார். ஆயிரம் படங்களைத் தாண்டிக் கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. அண்ணாவோடும் கருணாநிதியோடும் மேடையில் நடித்தார், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் ஆகியோரோடு திரையில் நடித்தார். ஆக, ஐந்து முதலமைச்சர்கள்! 'புதிய பாதை' படத்துக்காகத் தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ. வயதான பிறகு சின்னத்திரைத் தொடர்களிலும் வந்து நம் கூடத்தில் உட்கார்ந்தார். 2015 அக்டோபர் 10-ஆம் தேதி கண்மூடினார்.

முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊரே அவரை 'ஆச்சி' என்று அழைத்தது. ஆனால் அதற்கு எத்தனை வருஷங்கள் பிடித்தன! நம் வீட்டுப் பெண்ணும் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டுமா?

உங்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ சம்பாதித்துக்கொண்டு வருகிறாளா? மாலையில் வந்ததும் முதலில் ஒரு வாய் காப்பி கொடுங்கள். சம்பளத்தில் ஒரு பங்கை அவள் பெயரிலேயே தபாலாபீஸில் போட்டு வையுங்கள். கணக்குப் புத்தகம் அவள் பெட்டியிலேயே இருக்கட்டும். கைதட்டலைவிட அது பெரிய மரியாதை, அம்மா!