கொழுக்குமலைக்கு ஒரு ஜீப்

தமிழ் நாட்டில் ஒரு மலை இருக்கிறது. அதன் மேலே வண்டியில் போக வேண்டுமானால் தமிழ் நாட்டிலிருந்து வழி கிடையாது. தேனி ஜில்லாவைச் சேர்ந்த கொழுக்குமலைதான் அது. குரங்கணியிலிருந்து ஒற்றையடிப் பாதை உண்டு. ஆனால் அதற்கு வனத்துறையாரின் அனுமதியும், அதைவிட முக்கியமாக, உறுதியான முழங்கால்களும் வேண்டும். சக்கரத்தின் மீது ஏறிப் போக ஆசைப்படுகிறவர்கள் போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் புகுந்து, பூப்பாறை, சின்னக்கானல் வழியாகச் சூரியநெல்லியை அடைந்து, அங்கே ஒரு ஜீப்பில் ஏறி மறுபடியும் தமிழ் நாட்டுக்குள் வர வேண்டும். சொந்த வீட்டு மாடிக்குப் போக அடுத்த வீட்டுக்காரரிடம் ஏணி இரவல் கேட்பது போலத்தான்!

எல்லோரும் அங்கே சூரியோதயம் பார்க்கப் போகிறார்கள். நாங்கள் போனது ஒரு குடும்ப வழக்கை முன்னிட்டு. என் சிநேகிதர் ஒருவர் சமீபத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். கைக்கு வந்த தொகையில் ஒரு பங்கைப் போட்டுப் பழைய ஜீப் ஒன்று வாங்குவதென்று தீர்மானித்துவிட்டார். வாங்குவதோடு நிற்கவில்லை. யானைக்கால் போன்ற டயர்கள், முன்னால் இரும்புக் கொம்புகள், கப்பல் நங்கூரத்தை இழுக்கக் கூடிய ஒரு 'வின்ச்', வெள்ளத்தில் மூச்சு விடுவதற்கு ஒரு புகைக்குழாய் என்று பக்கம் பக்கமாகப் படம் வரைந்து வைத்திருந்தார். அவருடைய மனைவியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வீட்டுக் கூரை மூன்று வருஷமாய் ஒழுகுகிறதே, அதற்கு என்ன படம் போட்டிருக்கிறீர்கள்?" இருவருமாகச் சேர்ந்து என்னை மத்தியஸ்தராக நியமித்தார்கள். தீர்ப்பு மலையின் வாயிலிருந்தே வரட்டும் என்று அவர்கள் இருவரையும் சூரியநெல்லிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு ஜீப் புறப்பட்டது. தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இராது. பிடிக்கும் நேரமோ ஏறக்குறைய ஒன்றரை மணி. சிறிது தூரம் சாலை என்று சொல்லக் கூடியது இருக்கிறது. பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கருங்கற்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. அவற்றைத்தான் பாதை என்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லும் ஓர் ஆட்டுக்குட்டி அளவுக்குத் தெரிந்தது.

டிரைவர் இளைஞர், வண்டி அவரைவிட மூத்தது. கியர்க் கோலுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய நெம்புகோலை அவர் இழுத்ததும் வண்டியின் குரலே மாறியது. அதுவரை பின் சக்கரங்கள் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தன. இப்போது முன் சக்கரங்களும் இழுக்கத் தொடங்கின. அத்துடன் 'லோ' என்கிற தாழ்ந்த விசையிலும் சேர்ந்துவிட்டது. இதிலேதான் இந்த வண்டியின் உயிர் இருக்கிறது. எஞ்சின் சுழலும் வேகம் குறையாது; சக்கரம் சுழலும் வேகம் பாதிக்கும் கீழே இறங்கும்; இழுக்கும் சக்தியோ இரண்டு, இரண்டரை மடங்காகும். ஆள் நடக்கிற வேகத்தில், பதற்றமில்லாமல், ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கியது ஜீப்.

ஒரு வளைவில் பின் சக்கரம் ஒன்றும் அதற்குக் குறுக்கெதிரே இருந்த முன் சக்கரமும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. உடனே அவை இரண்டு மட்டும் கிறுகிறுவென்று சுற்ற, வண்டி நின்றுவிட்டது. சாதாரணப் பல்சக்கரப் பெட்டியின் சுபாவம் அப்படி. எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ, அதுவே சுற்றித் தீர்த்துவிடும். தரையில் நிற்கும் சக்கரத்துக்குப் போதிய விசை போய்ச் சேராது. (குடும்பங்களிலும் சில சமயம் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறோம்.) டிரைவர் ஓர் அடி பின்னுக்கு விட்டு, வேறு கல்லின் மேல் சக்கரத்தை வைத்து ஏற்றினார். பணம் செலவழித்தால் இரு சக்கரங்களையும் பூட்டிவிடும் சாதனம் வாங்கலாம். இவரோ கல்லைப் பார்த்துச் சமாளித்தார்.

"உங்கள் வண்டியில் என்னென்ன மாற்றம் செய்திருக்கிறீர்கள்?" என்று சிநேகிதர் ஆவலுடன் விசாரித்தார்.

"பெரிசா ஒண்ணும் இல்லீங்க ஐயா. ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடச் சேர்த்திருக்கு. டயர் அதே அளவுதான், பூ மட்டும் ஆழமா இருக்கும். பின்னாடி கொக்கி, ஒரு நல்ல கயிறு. அவ்வளவுதான்."

"பெரிய டயர் போட்டால் இன்னும் நன்றாக ஏறாதா?"

"ஏறும் ஐயா. இறங்கும்போது பிரேக் யாரைக் கேட்கும்?"

அந்தக் கேள்வியில் பெரிய சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. டயரின் குறுக்களவைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் இழுவிசை ஏறக்குறைய அதே அளவு குறைந்துபோகும். பிரேக்கின் பிடியும் தளரும். வேகங்காட்டி 60 என்று சொல்லும்போது வண்டி உண்மையில் 66-இல் போய்க்கொண்டிருக்கும். வண்டியின் உயரம் கூடக் கூட, வளைவில் சாய்ந்து விழும் அபாயமும் கூடும். அச்சுகளோ பழைய சக்கரத்தின் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை.

உதயத்தைப் பற்றி நான் வர்ணிக்கப் போவதில்லை. அதைச் செய்வதற்கு அங்கே நூறு காமிராக்கள் இருந்தன. 7,000 அடிக்கு மேலே நின்றுகொண்டு, கீழே மேகத்தின் அடியில் தேனிச் சமவெளி உறங்குவதைப் பார்த்தோம் என்று சொன்னால் போதும். பழைய தேயிலைத் தொழிற்சாலையில் சூடான தேநீர் அருந்தினோம். சிநேகிதரின் மனைவியார் அரைப் படி தேயிலைத்தூள் வாங்கினார்.

இறங்கும்போதுதான் டிரைவர் சொன்னதன் பொருள் முழுவதும் விளங்கியது. தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வந்தது. அவருடைய கால் பிரேக்கின் மேல் பட்டது பத்துத் தடவைகூட இராது. வழியெல்லாம் பிரேக்கை அழுத்தி வந்தால் அது சூடேறிக் கடைசியில் கைவிட்டுவிடும். நல்ல சாலை வந்ததும் முன் சக்கரங்களின் விசையை நீக்கிவிட்டார். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. கல்லிலும் மண்ணிலும் சிறிது வழுக்கி அந்த வித்தியாசம் சரிப்படும். தாரில் வழுக்க இடமில்லாமல் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது முக்கியமான செய்தி. அமெரிக்க ராணுவத்துக்காக 1941-இல் பிறந்த ஜீப்பை, நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி மகீந்திரா கம்பெனியார் பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். அதன் சந்ததிகளில் நான்கு சக்கர விசை உள்ளவையும் உண்டு; அதே முகஜாடையுடன் பின் சக்கர விசை மட்டுமே உள்ளவையும் உண்டு. தரகர்களுக்கு இந்த வித்தியாசம் சில சமயம் மறந்துபோகும். ஆகையால் புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காமல், வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். முன் அச்சில் உருண்டையான பல்சக்கரப் பெட்டி இருக்கிறதா? சட்டத்தில் துருவும், ஒட்டவைத்த வெல்டிங்கும் எங்கே இருக்கின்றன? சட்டத்தில் பொறித்த எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா? சிறிய நெம்புகோலை இழுத்து, மண் தரையில் ஓட்டி, முன் சக்கரம் உண்மையில் இழுக்கிறதா என்றும் பரீட்சிக்க வேண்டும். எஞ்சின் கெட்டால் பழுது பார்க்கலாம்; சட்டம் முறிந்த ஜீப் கோழிக்கூண்டாகத்தான் உதவும். பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியானால் தகுதிச் சோதனைக்குப் பிறகு பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும், வெளி மாநிலத்து வண்டியானால் அந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்றையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

சிநேகிதரின் படங்களுக்குச் சட்டமும் குறுக்கே நின்றது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தினார்கள். முன்னால் மாட்டும் இரும்புக் கொம்புகளை அனுமதிக்கக் கூடாதென்று 2017 டிசம்பரிலேயே மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பாதசாரியின் எலும்புக்கு அவை ஆகாது. இது நியாயமான உத்தரவு என்பது என் அபிப்பிராயம்.

சூரியநெல்லியில் இட்டிலி சாப்பிட்டுக்கொண்டே சிநேகிதர் தம் பட்டியலை எடுத்தார். கொம்புகள் போயின. புகைக்குழாய் போயிற்று, வருஷத்தில் பத்து மாதம் மணல் ஓடும் எங்கள் ஊர் ஆற்றுக்கு அது எதற்கு? யானைக்கால் டயர்கள் போனபோது மட்டும் முகம் சற்று வாடியது. வின்ச்சை ஒரு பெருமூச்சுடன் அடித்தார். மிஞ்சியவை: அதே அளவில் நல்ல டயர் நான்கு, ஒரு கொக்கி, ஒரு கயிறு, கனமான ஜாக்கி ஒன்று. மனைவியார் காகிதத்தை வாங்கிப் பார்த்து, ஆட்சேபணை இல்லை என்று தலையசைத்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே 'கூரை' என்று எழுதிக் கொடுத்தார்.