சாமா யார்டில் ஒரு எண்ணெய் டேங்கர்

பழைய ரயிலை மாடலாகச் செய்கிறவர்களுக்கு இன்ஜினால் பெரிய தொல்லை கிடையாது. தொழிற்சாலை வரைபடம் கிடைக்கும். கோணத்துக்கு ஒன்றாகப் புகைப்படமும் கிடைக்கும். தொல்லையெல்லாம் சரக்கு வண்டியில்தான், அதிலும் எண்ணெய் டேங்கரில். கொலராடோவின் நேரோ கேஜ் பாதையில் ஓடிய டேங்கர் ஒன்றை 1:48 அளவில் செய்ய இறங்கியபோது, டென்வர் அண்டு ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வேயின் சொந்த வண்டிப் பட்டியல்களைத்தான் முதலில் புரட்டினேன். நான் தேடிய வண்டி அவற்றில் இல்லை. அதன் தொட்டியில் எழுதியிருந்த குறியீடு யூ.டி.எல்.எக்ஸ். அமெரிக்காவில் சரக்கு வண்டியின் குறியீடு ‘எக்ஸ்’ என்று முடிந்தால் அது ரயில்வேக்குச் சொந்தமானதல்ல. இதன் சொந்தக்காரர் யூனியன் டேங்க் லைன்: 1891-இல் ஸ்டாண்டர்டு ஆயில் குழுமத்துக்குள் உருவாகி, 1911-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தக் குழுமத்தை உடைத்தபோது தனியாகப் பிரிந்த கம்பெனி. வண்டியை இழுத்தது ஒருவர், கணக்கு வைத்தது இன்னொருவர். காகிதத்தில் கிடைக்காததை இரும்பில் தேட வேண்டியிருந்தது. அதனால்தான் சாமாவுக்குப் போனேன்.

நியூ மெக்சிகோவின் வட எல்லையில் இருக்கும் சின்ன ஊர் சாமா. இங்கிருந்து கொலராடோவின் ஆன்டனிட்டோ வரை 64 மைல் தூரம் கும்பிரஸ் அண்டு டோல்டெக் நீராவி ரயில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. 1968-இல் சரக்குப் போக்குவரத்து நின்றது. 1970-இல் இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து இந்தத் துண்டை வாங்கின. தண்டவாளங்களுக்கு நடுவே 3 அடி, அதாவது 914 மி.மீ.; நம் ஊட்டி ரயிலின் மீட்டர் கேஜைவிட 86 மி.மீ. குறைவு. இன்ஜினைக் கவனிக்கச் சம்பளத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் பழைய சரக்கு வண்டிகளைக் கவனிப்பது 1988-இல் தொடங்கிய நண்பர்கள் சங்கம். கோடை வந்தால் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தன்னார்வலர்கள் சொந்தச் செலவில் வந்து தங்கி, மரம் மாற்றுகிறார்கள், துரு சுரண்டுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள்.

எனக்குத் துணையாக வந்தவர் அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட். எழுபதைத் தாண்டியவர். டேப்பை எடுத்துத் தொட்டியின் நீளத்தை அளக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

“முதலில் கீழே பாருங்கள். மேலே இருப்பதை எல்லாரும் அளப்பார்கள்.”

இருவரும் சரளைக்கல்லில் படுத்தோம். டேங்கரின் வரலாறு அடிவயிற்றில்தான் இருக்கிறது. இந்தத் தொட்டிகளில் பல, பிறந்தபோது 1,435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜில் ஓடியவை. வயதானபின் அவற்றைத் தூக்கி நேரோ கேஜ் போகிகளின்மேல், அதாவது சக்கரச் சட்டங்களின்மேல், வைத்தார்கள். அதனால்தான் பக்கத்தில் நிற்கும் மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டால் இவற்றின் நிற்கும் தோரணையே வேறு. போகிகள் ஆர்ச்பார் வகை: பட்டை இரும்பை வளைத்து போல்ட் போட்டு இறுக்கியவை. ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போகும் வண்டிகளில் இந்த வகைக்கு 1940 வாக்கில் தடை வந்துவிட்டது. நேரோ கேஜ் வண்டி வெளிப்பாதைக்கு எங்கே போகப் போகிறது? இங்கே அது கடைசிவரை நீடித்தது.

யூ.டி.எல்.எக்ஸ். டேங்கர்களில் இரண்டு இனம் மாடல்காரர்களின் பேச்சில் ஓயாமல் அடிபடும். ஒன்றில் தொட்டிக்கு அடியில் குறுகலான எஃகுச் சட்டம் ஓடும்; அதுதான் ‘நேரோ ஃபிரேம்’. இன்னொன்றில் சட்டமே கிடையாது. வான் டைக் என்பவரின் வடிவமைப்பு: கொக்கியை வாங்கும் பகுதியைத் தொட்டியின் அடித்தகட்டோடு சேர்த்து ரிவெட் அடித்துவிட்டார்கள். முன்னால் இன்ஜின் இழுக்கிறது, பின்னால் பத்து வண்டி தொங்குகிறது; அந்த இழுவை முழுவதும் எண்ணெய் நிரம்பிய தொட்டியின் உடம்பு வழியாகவே போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படியொரு துணிச்சல்! அடித்தகட்டில் ரிவெட் வரிசைகள் ஏன் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது படுத்துப் பார்க்கிறவருக்கு மட்டும் புரியும்.

மேலே ஏறினால், தொட்டியின் உச்சியில் குடம் கவிழ்த்த மாதிரி டோம். வெயிலில் எண்ணெய் விரியும்போது அதற்கு இடம் தர வைத்தது. தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டு, டோமை விரிவுக்காக விட்டுவைப்பார்கள். ஆள் இறங்கும் மூடியும் பாதுகாப்பு வால்வும் அதில்தான். அடியிலுள்ள வடிகால் வால்வைத் திறக்கும் கம்பிகூட டோமிலிருந்துதான் இறங்குகிறது. எண்ணெய் வழிந்த கறை டோமிலிருந்து கீழ்நோக்கி எந்தப் பக்கம் எவ்வளவு அகலமாக இறங்கும் என்பது இதை அறிந்தவருக்குத்தான் தெரியும். பல மாடல்களில் கறை தொட்டி முழுக்க ஒரே சீராகப் பூசியிருப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

பொழுது சாயும்வரை காத்திருக்கச் சொன்னார் மெஷினிஸ்ட். இருட்டத் தொடங்கியதும் டார்ச்சைத் தொட்டியின் பக்கத்தோடு ஒட்டிப் பிடித்து, ஒளியைச் சாய்வாக ஓடவிட்டார். பகலில் வெறும் கறுப்பாகத் தெரிந்த பெயின்டுக்கு அடியிலிருந்து எழுத்துகள் எழுந்தன. பழைய எழுத்து, அதன்மேல் சற்றே விலகி இன்னொரு எழுத்து. தொட்டியைச் சோதித்த தேதியையும் வால்வைச் சோதித்த தேதியையும் வண்டியிலேயே ஸ்டென்சிலில் எழுதி வைப்பது வழக்கம். ஒரு மாதமும், ஐந்தில் தொடங்கும் ஆண்டும் தெளிவாகப் படிக்க முடிந்தது. அவர் படிக்கப் படிக்க நான் எழுதிக்கொண்டேன். தேதி கிடைத்துவிட்டால் மாடலுக்கு ஒரு காலம் கிடைத்துவிடும். எந்த இன்ஜினுக்குப் பின்னால் அதை நிறுத்தலாம், எந்த எழுத்தைப் போடலாம் என்பதெல்லாம் அதிலிருந்து தானாகவே வரும்.

ஐம்பதுகள் என்றால் கிராம்ப்ஸ் எண்ணெயின் காலம். கொலராடோ பக்கம் இருந்த கிராம்ப்ஸ் எண்ணெய் வயலிலிருந்து குழாய் வழியாகச் சாமாவுக்குக் கச்சா எண்ணெய் வரும். இங்கே டேங்கர்களில் நிரப்பி, அலமோசா ஊரின் சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுபோவார்கள். நடுவில் 10,015 அடி உயரக் கும்பிரஸ் கணவாய். சாமாவிலிருந்து உச்சிவரை சுமார் 14 மைல்; ஏற்றம் 100 அடிக்கு 4 அடி வரை போகும். சரக்கு ரயிலுக்கு ஒரு இன்ஜின் போதாது, இரண்டு வேண்டும். உச்சியைத் தாண்டினாலோ, நிரம்பிய எண்ணெய் வண்டிகளை இறக்கத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். ஆடும் வண்டிக் கூரைகளில் நடந்துபோய்ப் பிரேக்காரர்கள் செய்து பழகிய வேலை அது. டேங்கரில் கூரை ஏது? தொட்டியின் ஓரமாக ஓடும் பலகையில், கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பனிக்காலத்தில் அந்தக் கம்பியைப் பிடித்தவர்களை நினைத்துக்கொண்டுதான் நான் அதன் விட்டத்தை வெர்னியர் காலிபரில் எடுத்தேன். 1960-களின் தொடக்கத்தில் இந்த ஓட்டம் நின்றது. அதன்பின் சில டேங்கர்கள் கப்பலேறி அலாஸ்காவின் ஸ்காக்வேக்குப் போயின. அங்கே ஒயிட் பாஸ் அண்டு யூகான் ரயில்வேயும் அதே 3 அடிப் பாதைதான்.

கழன்றுபோன உறுப்புகளுக்குப் புகைப்படம்தான் கதி. டென்வரில் தபால்காரராக இருந்த ஆட்டோ பெர்ரி, வேலை போக மிச்ச நேரமெல்லாம் ரயிலைப் படம் பிடித்தார். அவருடைய 20,000-க்கும் மேற்பட்ட படங்கள் டென்வர் பொது நூலகத்தில் இருக்கின்றன. அவர் குறிவைத்தது இன்ஜினைத்தான். நமக்கு வேண்டியது பின்னால் நான்காவதாக வரும் வண்டி. அதைப் பெரிதாக்கினால் அளவுக்கு என்ன செய்வது? ரியோ கிராண்டேயின் நேரோ கேஜ் சரக்கு வண்டிச் சக்கரத்தின் விட்டம் 26 அங்குலம். சக்கரமே அளவுகோல். படத்தில் சக்கரம் எத்தனை மி.மீ. என்று பார்த்து, ஏணிப்படியின் இடைவெளியை அதால் வகுத்து, 26 அங்குலத்தால் பெருக்க வேண்டியதுதான். வண்டி பக்கவாட்டில் நேராக விழுந்திருந்தால் கணக்கு சுத்தமாக வரும். சாய்ந்து விழுந்த படத்தை நான் நம்புவதில்லை.

அந்த மெஷினிஸ்டும் மாடல் செய்கிறவர்தான். இரவில் தங்குமிடத்தின் சாப்பாட்டு மேசையில் ஒரு தொட்டியைப் பிரித்துக் காட்டினார். பிளாஸ்டிக் குழாயின்மேல் கால் மி.மீ. ஸ்டைரீன் தகட்டைச் சுற்றியிருந்தார். ரிவெட்டுகளைத் தகட்டின் பின்பக்கத்திலிருந்து மழுங்கிய ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்துகிறார். தகடு தட்டையாக இருக்கும்போது குத்தி முடித்துவிட வேண்டும். சுற்றியபின் குத்த முடியாது. ஒவ்வொரு ரிவெட்டிலும் நூலளவு பிசகினால், சுற்றி வரும்போது இணைப்பில் ஒரு ரிவெட் கூடவோ குறையவோ நிற்கும். அவர் செய்வது இது: மெல்லிய காகிதப் பட்டையைக் குழாயின்மேல் சுற்றி, சரியாகச் சந்திக்கும் இடத்தில் வெட்டி, அதை ரிவெட்டின் எண்ணிக்கையால் பிரித்துக் குறித்துக்கொள்கிறார். எண்ணிக்கை அசல் வண்டியில் நின்று எண்ணியது. இணைப்பு அடிப்பக்கம் விழும்படி பார்த்துக்கொள்கிறார்.

“இன்றைக்குக் கடையில் நல்ல மாடலே கிடைக்கிறதே?” என்று கேட்டேன். டுராங்கோவின் பிளாக்ஸ்டோன் நிறுவனம் இந்த இரண்டு இன டேங்கர்களையும் 1:87 அளவில் அழகாக வெளியிட்டிருந்தது.

“கிடைக்கட்டும். அதைச் செய்தவர்களும் யாரோ ஒருவர் கல்லில் படுத்து எடுத்த அளவை வைத்துத்தானே செய்திருப்பார்கள்?”

மாடல்காரர்களைச் சின்னப்பிள்ளை விளையாட்டுக்காரர்கள் என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதும் இதுதான். சரக்கு வண்டியை யாரும் நினைவுச்சின்னமாக மதிக்காத காலத்தில் யார்டு யார்டாகப் போய் அளந்து, வரைந்து வைத்தவர்களில் பெரும்பாலோர் மாடல் செய்கிறவர்கள். கோல்டன் நகரில் ராபர்ட் ரிச்சர்ட்சன் 1959-இல் திறந்த கொலராடோ ரயில் அருங்காட்சியகம்கூட, பழைய இரும்புக்குப் போகவிருந்த வண்டிகளை விடாமல் வாங்கிச் சேர்த்த ஒரு ரசிகரின் பிடிவாதத்தில் பிறந்ததுதான்.

புறப்படும் நாளில் மெஷினிஸ்ட் என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் கொளுவிகளின் இடைவெளியில் விரல் வைத்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு டேங்கரில் அந்தக் கொளுவிகள் பாதி போய்விட்டன. புதிதாக அடித்துப் பொருத்த அவருக்கு அளவு வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தை அங்கேயே படம் எடுத்துக்கொண்டார். பதிலுக்கு, போகியையும் பிரேக் சிலிண்டரையும் கழற்றும்போது முன்கூட்டியே தகவல் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அடித்தகட்டின் நடுவில், பிரேக் சிலிண்டர் மறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், ரிவெட் வரிசை ஒன்றா இரண்டா என்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.